நல்ல ஏரியைக் கழித்தால்

காலிப் படகு பூஜ்யம் காட்டவில்லை.

படகு என்றதும் துடுப்பு, பாய்மரம் என்று போய்விட வேண்டாம். சுண்டுவிரல் நீளத்தில் நிக்கல் தகட்டால் செய்த ஒரு சின்னத் தொட்டி, அவ்வளவுதான். அதில் மீன் சதைத் துணுக்கு ஒன்றை வைத்து மெஷினின் வட்டத்தட்டில் அடுக்கினால், ஓர் இரும்புக் கை 'ட்டக்' என்று வந்து தூக்கி அடுப்புக்குள் தள்ளும், சதை எரியும், அதிலிருக்கும் பாதரசம் மட்டும் ஆவியாகி உள்ளே இருக்கும் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும், ஆறு நிமிடத்தில் திரையில் எண் விழும். எந்த நாளும் முதலில் எரிப்பது ஒன்றும் வைக்காத படகைத்தான். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றும் வரக்கூடாது. பத்து வருடமாக வந்ததும் இல்லை.

இன்று வந்தது. ஆறு புள்ளி நான்கு.

அவள் படகை அமிலத்தில் கழுவி, சுட்டு, ஆறவைத்து மறுபடி ஏற்றினாள். ஏழு புள்ளி ஒன்று. வேறு புதுப் படகை எடுத்தாள். ஒன்பது. எடையே இல்லாத பொருளுக்கு அளவு எப்படி வரும் என்று மெஷினைக் கேட்க முடியாது. மூன்று எண்களையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அப்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. மீன் வாடை அல்ல. அது அவளுடைய சேலையிலும் தலையணையிலும் குடியிருக்கிற பழகிய வாடை. இது முடி கருகுகிற வாடை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது, ஆகவே மதியமும் கிடையாது. மூன்று குழல் விளக்குகளில் ஒன்று செத்துக்கொண்டிருந்தது. வெளியே மழை பெய்வது, சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் தொண்டை கரகரத்து இறங்குவதில் தெரிந்தது. வாசலில் காவலாளி கேட்டிருந்தார்: "என்னம்மா பூஜ்யம், ஞாயித்துக்கெழமைகூட மீனுங்களுக்கு லீவு இல்லியா?"

பூஜ்யம் என்பது ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பெயர். மனிதர் தலைமுடியில் பாதரசம் பார்க்கும்போது, சுத்தமான ஒருவரின் முடியை அடிப்படையாக வைத்து மற்றவர் அளவிலிருந்து கழிக்க வேண்டும் என்று இயக்குநர் ஒரு வழிமுறையைக் கண்டுபிடித்தார். அந்தச் சுத்தமான ஆள் அவள். ஏனென்றால் அவள் நல்ல ஏரியின் மீனைத் தவிர வேறு மீன் தின்பதில்லை.

நல்ல ஏரி மலைமேல் இருந்தது. பக்கத்தில் ஆலை இல்லை, சுரங்கம் இல்லை, தார் ரோடுகூட இல்லை. நாற்பது வருடங்களுக்கு முன்னால் இந்த ஆய்வகத்தைத் தொடங்கியவர்கள் கீழே இருக்கும் பதினோரு ஏரிகளின் அழுக்கை அளக்க, சுத்தத்துக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு ஏரியின் மீனிலும் வந்த அளவிலிருந்து நல்ல ஏரி மீனின் அளவைக் கழிப்பது. மிச்சம் எதுவோ அதுவே மனிதன் செய்த பாவம். கழித்தலை மெஷினே செய்துவிடும். மிச்சத்தை மட்டும் வரைபடத்தில் குறிப்பார்கள். அந்த வரைபடம் இயக்குநர் அறையில் சட்டம் போட்டுத் தொங்கியது: இடது மேல்மூலையில் ஏறி உட்கார்ந்து, வருடா வருடம் வழுக்கி, வலது கீழ்மூலையில் வந்து விழுகிற ஒரு சிவப்புக் கோடு. ஊழியர்கள் இயக்குநருக்கு வைத்த பெயர் சறுக்குமரம். சென்ற வருடம் ஓர் ஏரி பூஜ்யத்துக்கும் கீழே போய் கழித்தல் குறி காட்டியபோது, "இயற்கையைவிடச் சுத்தமாக்கிக் காட்டினோம்" என்று பேசி ஒரு கேடயமும் வாங்கி வந்தார் அவர். கேடயம் வரைபடத்துக்குக் கீழே இருக்கிறது. தூசி தட்ட ஓர் ஆள்கூட உண்டு.

நாளைக்கு நாற்பதாண்டு அறிக்கை வெளியீடு. மந்திரி வருகிறார். நல்ல ஏரியின் கடைசி ஐந்து மீன்களை மெஷினில் ஓட்டி எண்ணைச் சேர்த்துவிட்டால் அறிக்கை முடிந்தது. அதற்காகத்தான் அவள் வந்தாள்.

முதல் மீனின் முதுகுச் சதையில் மிளகளவு நறுக்கி வைத்தாள். கை வந்தது. ட்டக். ஆறு நிமிடம்.

ஒன்று புள்ளி ஒன்று.

அவள் திரையைத் துடைத்தாள். திரையில் அழுக்கு இல்லை. கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேலிருந்தால் அந்த மீனை விற்கக்கூடாது என்பது சட்டம். அடுத்த மீன்: ஒன்று புள்ளி இரண்டு. அடுத்தது: ஒன்று. வெள்ளிக்கிழமை பழுதுபார்க்க வந்தவன் மெஷினைத் துடைத்துப் புதிதாக அமைத்தபோது கழித்தலையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தான். பத்து வருடத்தில் முதல்முறையாக, எதையும் கழிக்காத எண்ணை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் கெட்டிருக்கும். காலிப் படகுக்கே எண் சொல்லும் மெஷின் வேறு எதைத்தான் சொல்லாது? அளவு முன்பே தெரிந்த பொடி ஒன்று புட்டியில் இருந்தது. சந்தேகம் வந்தால் அதை எரித்துப் பார்ப்பார்கள். எரித்தாள். புட்டியின்மேல் அச்சடித்திருந்த எண் திரையில் அப்படியே விழுந்தது, கடைசி இலக்கம்வரை.

மெஷின் கெடவில்லை.

குளிரறைக்குள் போனாள். நாற்பது வருடத்து மீன்கள் அலுமினியத் தாளில் சுற்றி, வருடம் எழுதி, தட்டுத் தட்டாக அடுக்கிக் கிடந்தன. எந்த நாளும் விசிறியின் இரைச்சல் காதை அடைக்கும் இடம். இன்று விசிறி சுற்றியது, இரைச்சல் இல்லை. அவள் மூச்சு வெள்ளையாக வெளியே வந்து தட்டுகளுக்கு நடுவே போய், திரும்பி வருவதுபோல் முகத்தில் பட்டது. அந்த மூச்சில் பால் வாடை இருந்தது. கைக்கு வந்த பொட்டலங்களை அள்ளிக்கொண்டு கதவை முதுகால் தள்ளிச் சாத்தினாள்.

ஒரு வருடத்துக்கு ஒரு துணுக்கு. நாற்பது வருடத்துக்கு முந்திய நல்ல ஏரி: புள்ளி ஒன்று. முப்பது: புள்ளி இரண்டு. இருபது: புள்ளி நான்கு. பத்து: புள்ளி ஏழு. ஆறு வருடத்துக்கு முந்தியது: புள்ளி ஒன்பது.

காற்றுக்கு வேலி கிடையாது. எங்கெங்கோ எரிந்த நிலக்கரியின் புகை மேகத்தோடு சேர்ந்து, மலைமேல் மழையாக இறங்கி, ஏரியில் படிந்து, பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சின்ன மீனுக்கு, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. கீழ் ஏரிகளின் பழைய சதையிலும் இரண்டை எரித்துப் பார்த்தாள். அன்றும் ஒன்று புள்ளி இரண்டு, இன்றும் ஒன்று புள்ளி இரண்டு. அவை இருந்த இடத்திலேயே இருந்தன. நல்ல ஏரி ஏற ஏற, கழிக்கிற எண் பெருத்தது, மிச்சம் இளைத்தது. இறங்கியது கோடு மட்டும்தான். நல்ல ஏரியிலிருந்து நல்ல ஏரியைக் கழித்தால் என்ன வரும்? பூஜ்யம். நாற்பது வருடமும் அதுதான் வந்தது.

அவள் இயக்குநருக்குப் போன் செய்தாள்.

"ஐயா, நல்ல ஏரி மீனு ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு காட்டுது."

"எதைக் கழிச்சே?"

"எதையும் கழிக்கலங்க."

"அதான் விஷயம். கழிச்சாத்தானே சரியா வரும்?"

"நல்ல ஏரிலேருந்து எதைங்க ஐயா கழிக்கிறது?"

"நல்ல ஏரியத்தான்." எங்கோ ஒரு கரண்டி தட்டில் உரசியது. "இதோ பாரு பூஜ்யம். சுத்தமான ஏரி எப்பிடிம்மா அழுக்காகும்? சுத்தமா இருக்கறதாலதானே அதைச் சுத்தமான ஏரின்னு வச்சிருக்கோம்? கர்ப்பிணிங்க வாரம் ரெண்டு தடவை தாராளமா சாப்பிடலாம்னு போஸ்டர் அடிச்சாச்சு. உன் முடி எப்பவாவது ஏறியிருக்கா? சொல்லு."

"என் முடியிலேருந்து என் முடியத்தானேங்க கழிக்கிறோம்."

"பாத்தியா, நீயே சொல்லிட்டே. ஏறல. போய் ரெஸ்ட் எடு" என்று வைத்துவிட்டார். அவர் மீன் தொடமாட்டார். வாடை ஆகாது.

சோதனைக்கு வேண்டியது ஒரு துணுக்கு. மீதி முழு மீனையும் எரித்துவிட வேண்டும் என்பது விதி. கீழ் ஏரி மீன்களை எரிப்பார்கள். நல்ல ஏரி மீனை எரிக்க யாருக்கு மனம் வரும்? ஊழியர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அவள் வயிற்றில் பிள்ளை இருந்தபோது, "முதல் பங்கு உனக்குத்தான், நாட்டுலயே சுத்தமான மீனு, பெருசா பாத்து எடுத்துக்கோ" என்று இயக்குநரே எடுத்துக் கொடுத்தார். பெருசா பார்த்துத்தான் எடுத்தாள். பெரிய மீனில்தான் அதிகம் சேரும்.

பிறந்த குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. ஒரு வயதிலும் நிற்கவில்லை, இரண்டிலும் நிற்கவில்லை. விளக்கைக் காட்டினால் கண் பின்தொடராது. அழக்கூடத் தெரியாமல், பசித்தால் நாக்கை அண்ணத்தில் தட்டி 'ட்டக்' என்று ஒரு சத்தம் மட்டும் எழுப்பும். மூன்று வருடம் ஒரு மாதம் இருந்தது. போய் இரண்டு வருடம் ஆகிறது. டாக்டர்கள் காரணம் தெரியாது என்றார்கள், அவளுக்குத் தெரியும். கணவர் குழல் விளக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், விளக்குக்குள் பாதரசம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, "உங்க சட்டையிலதான் வந்துச்சு, நான் சுத்தமாத்தான் சாப்பிட்டேன்" என்று சொன்னாள். இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு தனி அறைக்குப் போனவர், இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். இந்த இரண்டு வருடமும் அவளைத் தாங்கி நிறுத்தியது அந்த ஒரு வாக்கியம்தான். நான் சுத்தமாத்தான் சாப்பிட்டேன்.

தலைமுடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த மாதம் உடம்பில் ஓடியது அந்த சென்டிமீட்டரில் பூட்டிக்கொள்ளும், பிறகு அழியாது. வேரில் இருப்பது இந்த மாதம். நுனியில் இருப்பது பழையது. ஆய்வகம் எப்போதும் அவள் வேரிலிருந்துதான் வெட்டி எடுக்கும். நுனியை யாரும் கேட்டதில்லை. பிள்ளை வேண்டி மொட்டை போட்ட மாதமே உண்டானாள்; அதிலிருந்து அவள் முடி வெட்டிக்கொள்ளவும் இல்லை.

பின்னலை முன்னால் போட்டு, ஓர் இழைக்கற்றையை மட்டும் பிரித்தெடுத்து, வேரிலிருந்து ஸ்கேல் வைத்து அளந்தாள். இருபத்துநான்கு சென்டிமீட்டர், குழந்தை இல்லாத மாதங்கள். அதற்குக் கீழே முப்பத்தேழு, குழந்தை இருந்த மாதங்கள். அதற்கும் கீழே, மெலிந்து, செம்பட்டை பாய்ந்து, நுனி பிளந்த ஒன்பது.

அந்த ஒன்பதையும் வெட்டினாள். ஒவ்வொரு சென்டிமீட்டராக ஒன்பது துண்டு. ஒன்பது படகு.

ட்டக்.

வாடை முன்பே வந்துவிட்டதால் புதிதாக எதுவும் வரவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தப்பாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அவருடைய சட்டையாகவே இருக்கட்டும். ஏரி கெட்டுப் போகட்டும், கோடு உடையட்டும், தன்னுடைய தட்டு மட்டும் தப்பட்டும்.

முதல் மாதம். ஆறு புள்ளி நான்கு.

இரண்டாம் மாதம். ஏழு புள்ளி ஒன்று.

மூன்றாம் மாதம். ஒன்பது.

நோட்டை இழுத்துப் பார்த்தாள். காலிப் படகுகளுக்கு எழுதிய மூன்று எண்கள். கேள்விக்குறியோடு. அதே வரிசை.

நான்காம் மாதம் பதினொன்று. வாந்தி நின்று பசி எடுத்த மாதம். ஐந்து, பதினான்கு. அவர் முள் எடுத்துப் பிசைந்து, "இன்னொரு வாய், உனக்கில்ல, அதுக்கு" என்று ஊட்டிய மாதம். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பதாம் மாதம் இருபத்திரண்டு. யார் முடியிலும் இரண்டுக்கு மேல் இருந்தாலே ஆய்வகத்தில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவார்கள். அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. வராது. வயிற்றுப் பிள்ளை தாயிடமிருந்து இழுத்துக்கொள்ளும். தாயைவிட அதிகமாக வாங்கிக்கொள்ளும்.

அவள் கணவருக்குப் போன் செய்தாள். ஒரே மணியில் எடுத்தார்.

"ஏங்க. நான்தான்."

"தெரியுது. சொல்லு."

"இல்லங்க. நான்தான். உங்க சட்டை இல்ல. என் தட்டு."

மறுமுனையில் மழை கேட்டது. எது என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நீ சொன்ன மறுமாசமே கம்பெனில போய்க் கேட்டேன். முடி எடுத்து வெளியில எங்கியோ குடுத்துப் பாத்தாங்க. எனக்கு ஒண்ணும் இல்லேன்னு தாள் வந்துச்சு."

"ஏன் சொல்லல? ரெண்டு வருஷங்க. ஏன் சொல்லல?"

"சொன்னா, மிச்சம் நீ மட்டும்தானே?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாத. ஊட்டுனது நான்தான? பாதி எனக்கு. முழுசாவே வச்சுக்கிட்டேன், என்ன இப்ப." அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு குரல் மாறியது. "உன்கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. ஆபீஸ்ல தனியா இருக்கேன்."

"இல்லயே. சத்தம் கேக்குதே."

"மெஷினுங்க. கை வந்து போற சத்தம்."

"மெஷினா?" என்றார். "அது பசிக்குதுன்னு சொல்ற சத்தம்டி."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது படகுதான் ஏற்றியிருந்தாள். கை பத்தாவதைத் தூக்கிக்கொண்டிருந்தது. காலி. ட்டக். பதினொன்றாவது. காலி. ஆறு நிமிடம் இல்லை. ஒரு நிமிடம்கூட இல்லை. திரையில் எண்கள் விழுந்தன. பிறந்த மாதம். அடுத்த மாதம். தாய்ப்பால் மாதங்கள். அப்போதும் தின்றாள். சத்து வேண்டும் என்று இன்னும் தின்றாள்.

பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது. அடுப்பின் சிவப்பு அணைந்தது. கை நின்றது.

ட்டக்.

மெஷினிலிருந்து இல்லை.

போன் மேஜைமேல் கிடந்தது. "ஏய். ஏய். பேசு" என்றது. செத்துக்கொண்டிருந்த விளக்கு செத்தது. மற்ற இரண்டும் இருந்தன. எல்லாம் தெரிந்தது. மேஜை. ஸ்டூல். கதவு. யாரும் இல்லை. அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

பின்னல் இழுபட்டது.

மெதுவாக. கீழே, நுனியில்.

உட்காராத, தவழாத, தலை நிற்காத குழந்தைக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. தோளில் போட்டால் பின்னலைப் பிடிக்கும். பிடித்தால் விடாது. தூங்கிய பிறகுதான் விரல் விரலாகப் பிரிக்க வேண்டும்.

விரல்கள். ஈரம். ஒரு கை. அதற்கு மேல் இன்னொரு கை. ஒரு சென்டிமீட்டர்.

ஏறியது.

பிறந்த மாதம். சிரித்த மாதம். அவள் நகரவில்லை. முதல் வயது. இரண்டாம் வயது. எடை கூடியது. ஊசி போட்ட மாதங்கள். ஆஸ்பத்திரி மாதங்கள். அவள் தலை பின்னால் சாய்ந்தது. காய்ச்சல் கண்ட மாதம். முப்பத்தேழாவது.

அங்கே நின்றுவிடும் என்று நினைத்தாள்.

நிற்கவில்லை. குழந்தை இல்லாத மாதங்களில் கை வைத்து ஏறியது. ஒன்று. இரண்டு. அவள் தனியாகச் சமைத்த மாதங்கள். அவரைத் திட்டிக்கொண்டே தூங்கிய மாதங்கள். ஒவ்வொன்றையும் பிடித்து. ஒவ்வொன்றையும் விட்டு.

"ஏய்" என்று போன் அழுதது. "சாப்பிட ஏதாவது குடு அதுக்கு. ஏதாவது குடு."

அவள் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள், ஏறச் சுலபமாக. மூச்சு தோளில் பட்டது. பால் வாடை. கருகிய முடி வாடை. சின்ன விரல்கள் வேரைப் பற்றின. பின்கழுத்தில், தோலோடு தோலாக, ஒரு சின்ன ஈரமான வாய் திறந்தது. ஊட்டும்போது திறக்குமே, அப்படி, முழுசாக.